ஜலதோஷத்துக்கு எந்தக் கைவைத்தியம் உண்மையிலேயே கேட்கும்? ராத்திரித் தூக்கத்துக்கு வழி சொல்லுங்கள்

மாலைநிலா எழுதியது:

எனக்கும் என் 6 வயது மகளுக்கும் சளி பிடித்திருக்கிறது. அவளுக்குத்தான் முதலில் வந்தது. பள்ளியிலிருந்து வரும்போதே தும்மிக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் கழித்து எனக்குத் தொண்டையில் முள் குத்துவதுபோல் ஆரம்பித்தது. இன்று அவளுக்கு ஐந்தாம் நாள், எனக்கு மூன்றாம் நாள்.

பகலில் எப்படியோ ஓடிவிடுகிறது. ராத்திரிதான் பெரும்பாடு. ஒருக்களித்துப் படுத்தால் ஒரு பக்க மூக்கு அடைக்கிறது, திரும்பிப் படுத்தால் மறுபக்கம் அடைக்கிறது. மகள் வாயைத் திறந்தபடியே தூங்குகிறாள். உதடு காய்ந்துபோய் இரண்டு மணிக்கு எழுந்து தண்ணீர் கேட்கிறாள். அப்போது இருமல் பிடித்துக்கொண்டால் அரை மணி நேரம் விடுவதில்லை.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். ஆவி பிடிக்க வை என்கிறார் ஒருவர். பாலை நிறுத்து, சளி கட்டும் என்கிறார் இன்னொருவர். தலை நனைத்ததால்தான் வந்தது என்று என்மேல் பழி வேறு. இன்று காலை அவளுக்குச் சளி பச்சையாக வந்தது. உடனே ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடு என்று ஆரம்பித்துவிட்டார்கள். எது கேட்கும், எது கேட்காது, எது ஆபத்து? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி எழுதியது:

மாலைநிலா, நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். வைத்தியம் பற்றி அந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லட்டும். மூக்குக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். அது பிடிபட்டால் பாதிக் கேள்விகளுக்கு உங்களுக்கே விடை தெரிந்துவிடும்.

சளி என்பது ஒரே நோய் அல்ல. 200-க்கும் மேற்பட்ட வைரஸ்கள் இந்த வேலையைச் செய்கின்றன. அதிகமாக வருவது ரைனோவைரஸ். அதில் மட்டுமே 160-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றோடு போராடி உடம்பு ஜெயித்தாலும் அடுத்த மாதம் வேறொன்று வந்து நிற்கும். தடுப்பூசி இல்லாததற்கும் இதுதான் காரணம். பெரியவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவையும், சின்னப் பிள்ளைகளுக்கு ஆறு முதல் எட்டுத் தடவையும் சளி பிடிப்பது இயல்பு. 'என் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை' என்று கவலைப்படும் பெற்றோரிடம் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

ரைனோவைரஸ் மூக்கின் உட்தோலில் புகுந்து பெருகுகிறது. ஆனால் உங்களைப் படுத்துவது பெரும்பாலும் வைரஸ் அல்ல, அதை விரட்ட உங்கள் உடம்பு எடுக்கும் நடவடிக்கை. உடம்பே சுரக்கும் சில ரசாயனங்கள் ரத்தக்குழாய்களை வீங்க வைக்கின்றன, நரம்புகளைச் சீண்டுகின்றன. தொண்டை வலியும் தும்மலும் ஒழுகலும் அதன் விளைவு. இந்தப் பாடு இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லத் தணியும். மொத்தம் ஏழு முதல் பத்து நாள். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் வரை இழுக்கலாம். நீங்கள் இன்று உச்சத்தில் இருக்கிறீர்கள், மகள் இறக்கத்தில் இருக்க வேண்டும்.

இப்போது அந்த மாறி மாறி அடைக்கும் மூக்கு. சளி தேங்கி அடைப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம், ஆனால் பெரும்பங்கு அது இல்லை. மூக்கின் பக்கச் சுவர்களில் மடல் மடலாகச் சதை இருக்கிறது. அதில் நிறைய ரத்தக்குழாய்கள். அவை ரத்தத்தால் உப்பி வழியை மறிக்கின்றன. நல்ல உடம்போடு இருக்கும்போதே சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் லேசாக உப்பும், மறுபக்கம் தளரும். சளியில் இது பெரிதாகத் தெரிகிறது. ஒருக்களித்துப் படுக்கும்போது கீழ்ப்பக்கம் கூடுதலாக உப்புகிறது. அதனால் எவ்வளவு பலமாகச் சிந்தினாலும் திறக்காது. பலமாகச் சிந்தினால் சளி முகத்து எலும்புகளிலுள்ள சைனஸ் அறைகளுக்குள் ஏறிவிடுகிறது என்று 2000-ல் வெளியான ஸ்கேன் ஆய்வு ஒன்று காட்டியது. ஒரு பக்கத்தை விரலால் மூடிக்கொண்டு, மறுபக்கத்தை மெதுவாகச் சிந்தச் சொல்லுங்கள்.

பச்சைச் சளி பற்றி: கிருமியோடு போராட வரும் வெள்ளணுக்களில் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. அதில் இரும்பு உண்டு, நிறம் பச்சை. வெள்ளணுக்கள் அதிகமாக வந்து சேரும்போது சளி மஞ்சளாகி, பச்சையாகிறது. வைரஸ் சளியிலேயே இது நடக்கும். நிறத்தை மட்டும் பார்த்து பாக்டீரியா என்று முடிவுகட்ட முடியாது. ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. வயிற்றுப்போக்கும், மருந்துக்குப் பழகிப்போன கிருமிகளும்தான் மிச்சமாகும்.

ஆலமரம் எழுதியது:

ஆசிரியர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் எனக்கு 67 வயது. சிறுவயதிலிருந்து சளி என்றால் ஆவிதான். போர்வைக்குள் தலையை விட்டு ஐந்து நிமிடம் மூச்சை இழுத்தால் மண்டைக் கனம் அப்படியே இறங்கும். இது என் உடம்பு சொல்லும் உண்மை. இதைக் கேட்காது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், குளிர் பட்டால் சளி பிடிக்கும் என்பதும் வெறும் நம்பிக்கை இல்லை. ஜலதோஷம், நீர்க்கோவை என்று பெயரிலேயே நீரை வைத்திருக்கிறார்களே, காரணமில்லாமலா?

ஈரக்காற்று எழுதியது:

ஆலமரம் ஐயா, உங்களை எதிர்த்துப் பேச வரவில்லை. ஆவி பற்றி மாலைநிலா இன்று ராத்திரியே முடிவு எடுத்துவிடுவாரோ என்ற பயத்தில் அவசரமாக எழுதுகிறேன்.

என் மகனுக்கு அப்போது 5 வயது. கட்டிலில் உட்காரவைத்து, மடிக்கு முன்னால் பாத்திரத்தை வைத்து, துண்டால் மூடினோம். நான் பக்கத்திலேயேதான் இருந்தேன், கையால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டும் இருந்தேன். அவனுக்குத் தும்மல் வந்தது. உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது, மெத்தை அமுங்கியது, அவ்வளவுதான். கொதிநீர் இரண்டு தொடையிலும் கொட்டியது. ஈரமான கால்சட்டை தோலோடு ஒட்டிக்கொண்டதில் சூடு அங்கேயே நின்றுவிட்டது. பதினோரு நாள் மருத்துவமனை. ஒவ்வொரு தடவை கட்டு மாற்றும்போதும் அவன் என் சட்டைக் காலரைப் பற்களால் கடித்துக்கொள்வான். இப்போது 9 வயது, இடது தொடையில் உள்ளங்கை அளவுக்குத் தழும்பு இருக்கிறது.

சளி ஒரு வாரத்தில் போயிருக்கும். தயவுசெய்து குழந்தைக்குப் பாத்திரத்தில் ஆவி வேண்டாம். கவனமாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். நான் கவனமாகத்தான் இருந்தேன்.

இரவுப்பணி எழுதியது:

ஈரக்காற்று, படித்து முடித்ததும் சற்று நேரம் எழுத முடியவில்லை. 14 ஆண்டுகளாகக் குழந்தைகள் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். நீங்கள் எழுதியதுபோன்ற குழந்தைகளைக் கட்டு மாற்றும் அறையில் பார்த்திருக்கிறேன். எல்லோர் வீட்டிலும் பெரியவர் ஒருவர் பக்கத்தில்தான் இருந்திருப்பார்.

ஆலமரம் ஐயா, ஆவியால் உங்களுக்குக் கிடைக்கும் சுகம் பொய் இல்லை. வெதுவெதுப்பும் ஈரமும் பட்டால் மூக்கு இளகும், கொஞ்ச நேரத்துக்குக் கனம் குறையும். ஆனால் ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தபோது சளி அதனால் சீக்கிரம் போவதாக உறுதிப்படவில்லை. பெரியவர்கள் பிடிப்பதானால் பாத்திரம் மேசையின் நடுவில் அசையாமல் இருக்க வேண்டும், மடியிலோ கட்டிலிலோ வேண்டாம். கொதிக்கும்போதே முகத்தை வைக்கக் கூடாது. குழந்தைக்கு ஈரக்காற்று வேண்டுமானால் குளியலறையில் சுடுநீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, குழந்தையை நீர் படாத தூரத்தில் மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்காருங்கள். அதுவே போதும்.

சரி, மாலைநிலா, உங்கள் ராத்திரிக்கு வருவோம். சளியைப் போக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. அது போகிறபோதுதான் போகும். நம் கையில் இருப்பது அதுவரை உள்ள இரவுகளைத் தாங்கக்கூடியதாக ஆக்குவது. அதனால் ஒவ்வொரு வைத்தியத்தையும் நான் இரண்டே கேள்வியால் அளப்பேன். இது எந்தத் தொந்தரவைத் தணிக்கும்? இதனால் கெடுதல் வர வழி உண்டா?

இருமலுக்குத் தேன். பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டாம். 2007-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் 105 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், படுக்கப் போகும் முன் தேன் கொடுத்த பிள்ளைகள் ஒன்றுமே கொடுக்காத பிள்ளைகளைவிடக் குறைவாக இருமினார்கள், வீட்டாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். 6 வயதுக்கு ஒரு தேக்கரண்டி. அப்படியே நக்க விடுங்கள், தொண்டையில் மெல்ல இறங்கட்டும். பிறகு பல் தேய்த்துவிட்டுப் படுக்கட்டும். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது, நாக்கில் தடவுவதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் அந்தக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். தசைகள் தளர்ந்து மூச்சே திணறும். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறவர்கள் இதை மனத்தில் வையுங்கள்.

மூக்கடைப்புக்கு உப்புநீர். மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் சொட்டு மருந்தைப் படுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு மூன்று சொட்டு விட்டு, மெதுவாகச் சிந்த வையுங்கள். காய்ந்து ஒட்டியிருப்பது இளகி வரும். அடிமையாக்கும் மருந்து எதுவும் அதில் இல்லை, அதனால் பயமில்லாமல் பல முறை விடலாம்.

தொண்டைக்கு வெதுவெதுப்பான உப்புநீர்க் கொப்பளிப்பு. ஒரு தம்ளர் நீருக்குக் கால் முதல் அரைத் தேக்கரண்டி உப்பு. உங்களுக்கு இது நல்லது. மகள் விழுங்காமல் கொப்பளிக்கத் தெரிந்தவள் என்றால் அவளுக்கும் சரி.

உதட்டிலும் மூக்கின் அடியிலும் வாசலின் தடவுங்கள். துடைத்துத் துடைத்துச் சிவந்துபோயிருக்கும். குழந்தை அழுவதில் பாதி அந்த எரிச்சலால்தான்.

தூரத்துரயில் எழுதியது:

மூக்கடைப்புக்கு அடித்தவுடன் திறக்கிற ஸ்ப்ரே இருக்கிறதே, அது பற்றி யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

ஒரு சளியின்போது வாங்கினேன். அடித்த இரண்டு நிமிடத்தில் இரண்டு மூக்கும் திறந்தது. சளி போன பிறகும் ராத்திரி அடைத்ததால் தொடர்ந்தேன். முதலில் ராத்திரி ஒரு முறை, பிறகு காலையிலும். கடைசியில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை இல்லாமல் மூச்சு விட முடியாத நிலை. தலையணைக்கு அடியில் ஒன்று, பையில் ஒன்று, அலுவலக மேசையில் ஒன்று. இப்படி ஏழு மாதம் ஓடியது. சளியே இல்லை, மருந்துதான் மூக்கை அடைக்கிறது என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் சொன்னபோதுதான் புரிந்தது. ரத்தக்குழாய்களை இறுக்கிச் சுருக்குகிற மருந்து அது. அதன் வேகம் இறங்கியதும் அவை முன்னைவிட அதிகமாக உப்புகின்றன. அவர் சொன்னபடி ஒரு பக்க மூக்குக்கு மட்டும் முதலில் நிறுத்தி, அது சரியானபின் மறுபக்கம் நிறுத்தினேன். முதல் வாரம் நரகம்.

மூன்று நாளைத் தாண்டி அதைத் தொடாதீர்கள். பிள்ளைக்கு மருத்துவர் சொல்லாமல் வேண்டவே வேண்டாம்.

நுண்ணோக்கி எழுதியது:

தூரத்துரயில் சொன்னதைப் படித்தபோது, நான் முதலில் எழுதிய மடல்களும் ரத்தக்குழாய்களும்தான் நினைவுக்கு வந்தன. அதே சதைதான் அங்கேயும் பழிவாங்கியிருக்கிறது.

ஆலமரம் ஐயாவின் குளிர்க் கேள்விக்கு வருகிறேன், அது நல்ல கேள்வி. இங்கிலாந்தில் சாலிஸ்பரி அருகே 1946-ல் சளியை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார்கள். ஆரோக்கியமான ஆட்கள் தாமாக வந்து தங்குவார்கள். மூக்கில் வைரஸ் சொட்டு விடுவார்கள், பிறகு அவர்கள் சிந்திய காகிதக் கைக்குட்டைகளைக்கூட எடைபோட்டுக் கணக்கு வைப்பார்கள். அங்கே சிலரைச் சுடுநீரில் குளிக்க வைத்து, ஈர உடையோடு காற்று வீசும் நடைவழியில் நிற்க வைத்துப் பார்த்தார்கள். குளிரில் நடுங்கினார்களே தவிர, மற்றவர்களைவிட அதிகமாகச் சளி பிடிக்கவில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2005-ல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் 90 பேரின் கால்களைக் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் வைக்கச் சொன்னார்கள். இன்னொரு 90 பேர் வெறும் தொட்டியில் கால் வைத்து உட்கார்ந்தார்கள். அடுத்த நான்கைந்து நாளில் குளிர்ந்தவர்களில் 13 பேரும், மற்றவர்களில் 5 பேரும் சளி பிடித்ததாகச் சொன்னார்கள். உடம்பு குளிரும்போது மூக்கின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, அங்கே வரும் பாதுகாப்பு குறைகிறது, ஏற்கெனவே பதுங்கியிருந்த வைரஸ் தலைகாட்டுகிறது என்பது அவர்கள் கருத்து. உடம்புச் சூட்டைவிடக் குறைவான 33 டிகிரி செல்சியஸ் அளவில் ரைனோவைரஸ் நன்றாகப் பெருகுகிறது என்பதும் உண்மை. மூக்கின் உள்ளே ஏறக்குறைய அந்தச் சூடுதான். ஆக, வைரஸ் இல்லாமல் வெறும் குளிரால் சளி வராது. வைரஸ் உள்ளே வந்திருந்தால் குளிர் அதற்குக் கைகொடுக்கலாம். பெயர் வைத்தவர்கள் கவனித்ததில் ஏதோ உண்மை இருந்திருக்கிறது ஐயா. மாலைநிலா மேல் மட்டும் பழி போட வேண்டாம். பிள்ளை தும்மிக்கொண்டே பள்ளியிலிருந்து வந்தாள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

பாலையும் ஆஸ்திரேலியாவில் சோதித்திருக்கிறார்கள். 60 பேருக்கு ரைனோவைரஸ் கொடுத்து, அவர்கள் குடித்த பாலையும் சிந்திய சளியையும் பத்து நாள் கணக்கெடுத்தார்கள். 1990-ல் வந்த முடிவு: பால் அதிகம் குடித்தவர்களுக்குச் சளி அதிகம் வரவில்லை. பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கொழகொழப்பாகத் தோன்றும், அதைச் சளி என்று நினைத்துவிடுகிறோம். பிள்ளை விரும்பிக் கேட்டால் கொடுங்கள். சாப்பாடு இறங்காத நாளில் அதுவாவது வயிற்றுக்குப் போகட்டும்.

ஆலமரம் எழுதியது:

ஆசிரியருக்கு நன்றி. செவிலி அம்மாவுக்கும் நன்றி. ஈரக்காற்று, உங்கள் பையனைப் பற்றிப் படித்தபிறகு என் பேத்திக்கு ஆவி பிடிக்க வைப்பதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். நானும் இதுவரை கட்டிலில் வைத்துத்தான் பிடித்துவந்தேன். இனி மேசை.

ஒரு சந்தேகம். மூக்கு வழியாக நீர் விட்டுக் கழுவுகிறேன், சில ஆண்டுகளாகப் பழக்கம். அது தொடரலாமா? வைட்டமின் சி, துத்தநாகம் என்று பிள்ளைகள் வாங்கி அனுப்புகிறார்கள், அவற்றால் பயன் உண்டா?

இரவுப்பணி எழுதியது:

ஐயா, மூக்கு கழுவுவது நல்ல பழக்கம்தான். 2019-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 66 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வில், உப்புநீரால் மூக்கைக் கழுவிக் கொப்பளித்தவர்களுக்குச் சளி சராசரியாக ஏறக்குறைய இரண்டு நாள் முன்னதாகவே போனது. ஆனால் எந்த நீரில் கழுவுகிறீர்கள் என்பதே முக்கியம். குழாய்நீரை அப்படியே ஒருபோதும் விடாதீர்கள். குடித்தால் வயிற்று அமிலம் கொன்றுவிடும் சில உயிரிகள் மூக்கு வழியாகப் போனால் மூளையை எட்டிவிடும். 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்நீரில் மூக்கு கழுவிய இருவர் நெக்லேரியா என்ற அமீபாவால் இறந்தார்கள். நீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடிவைத்து, வெதுவெதுப்பாக ஆறியபின் பயன்படுத்துங்கள். ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு போட்டால் எரியாது. பாத்திரத்தை ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவையுங்கள்.

வைட்டமின் சி: தினமும் எடுத்துவருகிற பெரியவர்களுக்குச் சளி நீடிக்கும் காலம் சுமார் 8 விழுக்காடு குறைகிறது. பத்து நாளில் ஒரு நாள்கூட முழுதாக இல்லை. சளி வந்தபின் தொடங்கினால் அந்தப் பலனும் உறுதியாகத் தெரியவில்லை. துத்தநாக மிட்டாய்கள் சளிக்காலத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. குமட்டலும் வாய்க்கசப்பும் வரும். மூக்கில் விடும் துத்தநாக மருந்துகள் பக்கமே போகாதீர்கள், மோப்பசக்தி போய்விடும் என்று 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

அதைவிட முக்கியமானது, நான் தினம் பார்ப்பது. கடையில் வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். காய்ச்சலுக்குத் தனியாக ஒரு பாராசிட்டமாலும், சளிக்கு அந்த மாத்திரையும் போட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும். அது கல்லீரலைத் தாக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் எதையும் சேர்த்துப் போடாதீர்கள். குழந்தைகளுக்குக் கடையில் கேட்டு இருமல் சிரப் வாங்கிக் கொடுக்க வேண்டாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

மாலைநிலா எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று ராத்திரி ஒன்பது மணிக்குச் சலைன் விட்டேன், முதல் சொட்டுக்கு உதறினாள், இரண்டாவதற்குச் சும்மா இருந்தாள். தேனை நக்கிவிட்டு இன்னொரு கரண்டி கேட்டாள். ஒரு முறைதான் இருமி எழுந்தாள். எனக்கும் கொப்பளித்ததில் தொண்டை இதமாக இருந்தது. மூக்கு மட்டும் எனக்கு இன்னும் திறக்கவில்லை.

மென்தால் தைலம் தடவலாமா?

இரவுப்பணி எழுதியது:

உங்களுக்குத் தடவலாம். மென்தால் மூக்கை உண்மையில் திறப்பதில்லை. குளிரை உணரும் நரம்புகளைத் தூண்டிவிடுகிறது, காற்று தாராளமாகப் போவதாகத் தோன்றுகிறது. அந்த உணர்வே தூங்கப் போதுமானால் நல்லதுதானே. மகளுக்கு மார்பிலும் முதுகிலும் மட்டும், மூக்கின் உள்ளே வேண்டாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கூடாது. கற்பூரம் கலந்த டப்பாவைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் வலிப்பு வரும்.

நீங்கள் தலைப்பக்கம் இரண்டு தலையணை வைத்துச் சற்று உயர்த்திப் படுங்கள். படுக்குமுன் ஏதாவது சூடாக மெல்ல உறிஞ்சிக் குடியுங்கள். அப்புறம், பிள்ளை தூங்கிய நேரத்தில் வேலை பார்க்காமல் நீங்களும் தூங்குங்கள். ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குகிறவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்குகிறவர்களைவிட நான்கு மடங்கு என்று 2015-ல் ஓர் ஆய்வு சொன்னது. தாய்மார்களுக்கு இதை நான் வற்புறுத்திச் சொல்வேன்.

மாலைநிலா எழுதியது:

மன்னிக்கவும், மறுபடியும் நான்தான். மகளுக்கு இன்று எட்டாம் நாள். நேற்று வரை நன்றாக விளையாடினாள். இன்று சாயங்காலம் திடீரென்று 38.6 டிகிரி காய்ச்சல். இடது காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். இதுவும் சளியின் போக்குதானா?

இரவுப்பணி எழுதியது:

இல்லை மாலைநிலா, இதை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். குறைந்துவந்த சளி திரும்பவும் ஏறினால், அதுவும் காய்ச்சலோடும் காதுவலியோடும் ஏறினால், நடுக்காதில் நீர் தேங்கித் தொற்று வந்திருக்கலாம். பிள்ளைகளுக்கு மூக்கையும் காதையும் இணைக்கும் குழாய் சின்னது, படுக்கைவாட்டில் இருக்கும், சுலபமாக அடைத்துக்கொள்ளும். எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் கொடுத்து, தலையை உயர்த்திப் படுக்க வையுங்கள். காலையில் முதல் வேலையாக மருத்துவரிடம் காட்டுங்கள். காதுக்குள் எண்ணெயோ சொட்டு மருந்தோ விடாதீர்கள், செவிப்பறை எப்படி இருக்கிறது என்று தெரியாது.

மூச்சு வாங்கினாலோ, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளிழுத்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் துவண்டாலோ, கழுத்து விறைத்தாலோ, காதுக்குப் பின்னால் வீங்கினாலோ காலைவரை காத்திருக்காதீர்கள். ராத்திரியே கிளம்புங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன், மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றால் எந்தக் கைவைத்தியமும் பார்க்காமல் நேராக மருத்துவமனை.

ஈரக்காற்று எழுதியது:

மாலைநிலா, காலையில் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். இங்கே காத்திருக்கிறோம்.

மாலைநிலா எழுதியது:

போய்வந்தோம். சின்ன விளக்கை வைத்து இரண்டு காதையும் பார்த்தார். இடது செவிப்பறை சிவந்திருக்கிறது, வலது பக்கம் நன்றாக இருக்கிறது என்றார். வலிக்கு மருந்து கொடுத்து இரண்டு நாள் பார்ப்போம், குறையாவிட்டாலோ கூடினாலோ அப்போது ஆன்டிபயாட்டிக் தொடங்கலாம் என்று சொல்லி, நாளை மறுநாள் வரச் சொன்னார். வீட்டில் இருப்பவர்களுக்கு இதை ஒத்துக்கொள்வது கஷ்டமாக இருந்தது. அவரிடம் கேட்டதை அப்படியே சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள்.

மாலைநிலா எழுதியது:

மறுபடி காட்டிவிட்டு வந்தோம். காய்ச்சல் அன்று ராத்திரியே விட்டுவிட்டது, காதுவலி நேற்றுக் காலையோடு நின்றது. சிவப்பு குறைந்திருக்கிறது, மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நாளைக்குக் காது மந்தமாகக் கேட்கலாம், தானாகச் சரியாகும், ஆகாவிட்டால் வாருங்கள் என்றார்.

எனக்கு இருமல் மட்டும் இன்னும் இருக்கிறது, மூன்று வாரம் வரை பொறுத்துப் பார்க்கிறேன். நேற்று ராத்திரி அந்த இருமலில்தான் இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. பழக்கத்தில் தண்ணீர்த் தம்ளரை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினேன். வாயை மூடி, மூக்கால் மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். தம்ளரை நானே குடித்துவிட்டுப் படுத்தேன்.